உள்ளங்கைத் தராசு

கத்தரிக்காயை உள்ளங்கையில் ஏந்தி, இரண்டு முறை மெல்லத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிறார் வீரபத்திரன். காய்க்கார மணியம்மை தராசை நீட்டுகிறாள். அவர் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. "நம்ம கையி பொய் சொல்லாதும்மா" என்றபடி அடுத்த காயை எடுக்கிறார்.

பொதட்டூர்பேட்டைத் தறிகளுக்கு நூல் வாங்கிக் கொடுப்பது அவர் தொழில். திருத்தணியிலிருந்து காலை பஸ்ஸில் போவார். நூல்கட்டைத் தூக்கியதுமே எடை குறைகிறதா என்று சொல்லிவிடுவார். அதோடு நிறுத்திக்கொண்டால் தேவலை! செருப்பு, செல்போன், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றுக்கும் இதே பரீட்சைதான். கனமாக இருந்தால் நல்ல சரக்கு. நான் பக்கத்து வீட்டுக்காரன். என் மகன் பிறந்தபோது அவனையும் தூக்கிப் பார்த்து, "கெட்டி சரக்குபா" என்று சான்றிதழ் கொடுத்த மனிதர்.

இந்தக் கை ஒரே ஒரு இடத்தில் சறுக்கியது. அவர் மகள் கவிப்பிரியா வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் புடவை பார்டர் வரைந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு அனுப்புகிறாள். அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறதே, பொத்தானை அழுத்திவிட்டுப் போய்ப் பால் காய்ச்சி இறக்கி வந்தாலும் கண் விழித்திருக்காது. திங்கட்கிழமையும் வேலை தாமதமானால் சென்னைக்கே வந்து உட்காரச் சொல்லிவிட்டார்கள். பெண் துணிமணியைப் பையில் அடுக்கிக் கூடத்தில் வைத்துவிட்டாள். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் வாயில் மட்டும் வீறாப்பு: "மெட்ராஸ் தண்ணி அதுக்கு ஒத்துக்காதுபா."

பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் வேகம் பிடிக்கும் என்று மகள் சொன்னதுதான் தாமதம், "நான் வாங்கியாறேன்" என்று கிளம்பிவிட்டார். பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பரணிதரன் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். கை ஏறி இறங்கியது. "இன்னாபா, உள்ள ஒண்ணுமே இல்லாத டப்பாவ குடுக்குற?" என்று வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அன்று கிருத்திகை. மலையடிவாரத்தில் பலூனுக்கும் செல்போன் உறைக்கும் நடுவே ஒருவன் எஸ்.எஸ்.டி.யும் விற்றுக்கொண்டிருந்தான். கல்லு மாதிரி கனம்! ஜெயித்த முகத்தோடு வாங்கி வந்தார்.

மறுநாள் மாலைக்குள் கவிப்பிரியா வரைந்ததில் பாதி திறக்கவே இல்லை. நல்லவேளை, பழைய டிஸ்கில் எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி இருந்தது. கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, பரணிதரன் அந்த டப்பாவைப் பிரித்தபோது நானும் கூட இருந்தேன். நகம் அளவுக்கு ஒரு சில்லு, பக்கத்தில் பசை போட்டு ஒட்டிய இரும்புத் துண்டு. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது, பாவம்.

"என் கையிக்கே வெயிட்டு காட்டிட்டான்பா" என்றார் மெதுவாக. "பொண்ணு போயிடுவாளே."

"வுடுண்ணா. பழைய டிஸ்கு மாதிரி இதுல சுத்தறது ஒண்ணும் கிடையாது, அதான் நல்லது லேசா கீது. எம்மா வேகம், எத்தினி வருஷம் வாரண்டின்னு அட்டையில பாக்கணும்" என்ற பரணிதரன், முன்பு காட்டியதைவிடச் சின்னதாக, சூயிங்கம் பட்டை போல ஒன்றை எடுத்து வந்தான். "உங்க போர்டுல இத்த சொருக இடம் கீதுண்ணா. அதைவிட இது வேகம்."

வாங்கப்போன கை பாதியில் நின்றது. சட்டென்று முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீயே மாட்டுப்பா. நான் தொடல."

திங்கட்கிழமை பொத்தானை அழுத்திவிட்டு வழக்கம்போல் பால் வைக்கத் திரும்பியவள், "நைனா, அதுக்குள்ள வந்துட்ச்சு!" என்று கூவியது என் வீடு வரை கேட்டது. மத்தியானத்துக்குள் பார்டர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன.

சாயங்காலம் நான் போனபோது அவள் அடுத்த பார்டரை வரைந்துகொண்டிருந்தாள். பை மட்டும் கூடத்தில் அதே இடத்தில் இருந்தது. அவர் அதையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். போகிறாயா, இருக்கிறாயா என்று கேட்க வாய் வரவில்லை. "வழியில கீது பாரு" என்று தனக்குத்தானே முனகியபடி எழுந்து போய்ப் பையைத் தூக்கினார். அது காற்றாய் எழுந்தது. துணியெல்லாம் எப்போதோ பீரோவுக்குத் திரும்பியிருந்தது.

அவர் அதை உள்ளங்கையில் ஏந்தி, இரண்டு முறை மெல்லத் தூக்கிப்போட்டுப் பிடித்தார்.