பத்துக்கு ஒன்பது

செசீலியா அக்காவின் வாயிலிருந்து நல்ல வார்த்தை வாங்குவது லேசான காரியம் இல்லை. மட்டக்களப்பு டவுனில் வின்சன்ற் அண்ணன் நடத்திய கம்பியூட்டர் கேம் கடைக்கு எது புதிதாக வந்தாலும் முதலில் விளையாடிப் பார்ப்பவர் அவர்தான். பிறகு வாசலில் தொங்கும் கரும்பலகையில் பத்துக்கு இத்தனை என்று எழுதுவார். மூன்றைத் தாண்டாதவைதான் அதிகம். 2006இல் சண்டை மறுபடி மூண்டிருந்தது. வெளியே சுற்ற வழியில்லாத நாங்கள் அந்தப் பலகையை நம்பித்தான் உள்ளே போவோம்.

ஒருநாள் பலகையில் ஒன்பது விழுந்தது. மந்திரவாதிகளும் பறக்கும் நாகங்களும் உலாவும் ஒரு கேம்.

"இதில இங்க போ, அங்க போ எண்டு சொல்ல ஆளில்ல. குதிரைய எடுத்தா விரும்பின பக்கம் போகலாம்," என்றார் அக்கா. காடு, மலை, சந்தை என்று ஒரு கிழமை அலைந்துவிட்டுத்தான் எழுதியிருந்தார்.

எங்களுக்கு அது சரிவரவில்லை. ஊரைத் தாண்டினால் ஆறு, ஆற்றுக்கு ஒரு பாலம், பாலத்தடியில் ஈட்டியோடு ஒரு காவல்காரன். அதற்கப்பால் எவனும் போகவில்லை. கொக்கட்டிச்சோலை நல்லரத்தினம் காத்திருந்து சலித்து எழும்பினான். நானும் அப்படியே. கேம் பழுது என்று டவுன் முழுக்கச் சொல்லிவிட்டோம். அதில் மட்டும் நாங்கள் குறை வைப்பதில்லை.

வின்சன்ற் அண்ணனின் முகம் கறுத்தது. "பாலத்துக்கு அங்கால பாக்காமலா தங்கச்சி ஒன்பது போட்ட நீங்க?"

"இஞ்சாலயே காடும் மலையும் கிடக்கே. வேல இல்லாம ஆர் பாலத்தடிக்குப் போற?"

"நாளைக்கு எல்லாருக்கும் முன்னால போய்க் காட்டுங்க. ஏலாட்டி இனிப் பலகைய நானே எழுதுறன்."

அந்தப் பலகைதான் அக்காவுக்கு எல்லாம். வீட்டில் அவர் சொல் எடுபடாது. அவர் சொன்னதை ஊர் கேட்டது அந்த ஒரு இடத்தில்தான்.

மறுநாள் கதிரைக்குப் பின்னால் முண்டியடித்துக்கொண்டு நின்றோம். அக்கா பாலத்தடிக்கு வந்ததும் குதிரையை விட்டு இறங்கினார். ஓரமாக ஒதுங்கி நின்றார். ஊரில் வலையிறவுப் பாலத்தில் சைக்கிளை விட்டு இறங்கி, ஆமிக்காரன் கூப்பிடும்வரை நிற்போமே, அதே நிலை. கேமில் நாங்களும் அப்படித்தான் நின்றிருந்தோம். காவல்காரன் கூப்பிடவில்லை. வின்சன்ற் அண்ணன் செருமினார்.

"இவன் கூப்பிடமாட்டான் அக்கா, நான் நிண்டு பாத்திட்டன்," என்றான் நல்லரத்தினம்.

அக்கா திரும்பாமலே கேட்டார். "நீ ஏன் இறங்கின?"

"பாலம்தானே."

"அவன் இறங்கச் சொன்னவனா?"

நல்லரத்தினம் திரையில் நின்ற காவல்காரனை உற்றுப் பார்த்தான்.

அக்கா மறுபடி குதிரையில் ஏறி, காவல்காரனுக்கு நேரே விட்டார். நான் கதிரையின் முதுகை இறுகப் பிடித்தேன். பொம்மைக்குத்தான் பயந்தேன், அதற்கென்ன. காவல்காரன் தலையைத் திருப்பி, பயணம் நல்லபடி அமையட்டும் என்று இங்கிலீசில் வாழ்த்தினான். குதிரை பாலத்தில் ஏறிப் பறந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள். அவ்வளவு சந்தோசம் அந்த வருசத்தில் எனக்கு வேறு வாய்க்கவில்லை.

அக்கரையில் பொன்னால் ஒரு கோட்டை இருந்ததாம். யார் பார்த்தார்கள்? ஆளுக்கு ஆள் மாறி, குதிரையை விட்டு இறங்காமல் பாலத்தில் போவதும் வருவதுமாக இருந்தோம். நல்லரத்தினத்தைக் கதிரையிலிருந்து இழுத்துத்தான் எழுப்பவேண்டியிருந்தது.

வின்சன்ற் அண்ணன் சோக்கட்டியை அக்காவிடம் நீட்டினார். "பத்தாக்குங்க தங்கச்சி."

அக்கா அதை வாங்கவில்லை.

"ஒன்பதே இருக்கட்டும் அண்ணன். பாலத்தில ஒருத்தன் ஈட்டியோட நிக்கிறான்தானே."