பாயை இறக்கிய துறை

கற்பிட்டிக் கரையில் சுற்றுலாப் படகின் பாயை விரித்தார்கள். ஈரக் கித்தான் மணம் முகத்தில் அடித்தது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, அகதி முகாமில் கிடைத்த கூடாரத் துணியைத்தான் வாப்பா தோணிக்குப் பாயாகத் தைத்திருந்தார். அந்தத் தோணியில்தான் கடலோரக் களப்பைக் கடந்து என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவார். துணியில் நிவாரண முத்திரை பெரிதாகத் தெரியும்.

“கூட்டாளிமார் சிரிக்கிறாங்க வாப்பா. பாயை இறக்குங்க,” என்றேன் ஒருநாள்.

அன்றிலிருந்து துறை தெரிந்ததுமே பாயைச் சுருட்டிவிட்டுத் துடுப்பு வலிப்பார்.

“நல்ல காத்துத்தானே நானா, ஏன் வலிக்கிறீங்க?” என்று கூடவந்த மீன்காரர் வாப்பாவை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

“கை விறைக்குது தம்பி. வலிச்சாத்தான் சரிவரும்,” என்றார் வாப்பா.

துறை வந்ததும் என்னை இறக்கிவிடக் கைகொடுப்பார். உள்ளங்கைக் கொப்புளம் உடைந்த ஈரம் ஒட்டும். சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடுவேன்.

“ஏறுங்க சேர்,” என்று சுற்றுலாப் படகுக்காரர் கைநீட்டினார். என் கை சட்டைப் பக்கம்தான் போனது.