காலி குடோனின் எதிரொலி

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை.
2. கல்யாணத்துக்கு முந்தைய வாரம், ஜன்னலுக்குப் போர்வை கட்டி, அக்கா பாடிய மூன்று பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தேன்.
3. அக்கா போனாள்.
4. கீழ்பென்னாத்தூரில் பெரியப்பா தன் குடோனை ஓர் உர வியாபாரிக்கு வாடகைக்கு விட்டார்.
5. நான் ஒரு ப்ளக்இன்னைப் பிரித்துத் திருத்தப் பார்த்தேன்.
6. அது நடக்காததால், ப்ளக்இன் எழுதவே கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

இதில் நாலாவது ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். அது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை அடுக்கும் குடோன். சிமெண்ட் தரை, தகரக் கூரை, ஒரே ஒரு பெரிய கதவு. அறுவடைக்கு முன்னால் சில வாரம் காலியாகக் கிடக்கும். லீவுக்குப் போகும்போது அக்கா அங்கே நின்றுதான் பாடுவாள். அவள் வாயை மூடிய பிறகும் வரி முடியாது. கூரையில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்து மெல்ல இறங்கும். அது இறங்குவதற்குள் அடுத்த வரியை எடுப்பாள். இரண்டு பேர் பாடுவது போல இருக்கும். மூட்டைகள் வந்துவிட்டால் அவ்வளவுதான், சாக்கு எல்லாச் சத்தத்தையும் குடித்துவிடும். "மல்லாட்ட வந்துட்டா எனக்கு தொண்ட கட்டிக்குதுடி" என்பாள்.

போர்வை கட்டிய அறைக்குள் பதிவு செய்த பாட்டில் அந்தக் கூரை இல்லை. அவள் மஸ்கட் போன பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஃபோனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து முதல் பாட்டைப் போட்டுக் காட்டினேன்.

"நான்தானா இது? அலமாரிக்குள்ள வெச்சி பூட்டிட்டு பாட சொன்ன மாதிரி கீதுடி."

"எதிரொலி சேத்துக்கலாம்க்கா."

"எந்த எதிரொலி? நம்ம குடோனுதா?"

"ஆமா" என்றேன். அது எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது.

"அப்ப அது வந்ததும் சொல்லு. அதுவரிக்கும் இத யாருக்கும் போட்டுக் காட்டாத. அம்மாவுக்குக்கூட."

அம்மா தினமும் கேட்டாள். நான் தினமும் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தேன்.

பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருளுக்குள் போய் உட்கார்ந்து, வரும் ஒலியை மாற்றித் தரும் சின்ன நிரலுக்குத்தான் ப்ளக்இன் என்று பெயர். எதிரொலி சேர்க்கும் இலவச ப்ளக்இன் ஒன்று என்னிடம் இருந்தது. ஹால், ரூம், சர்ச் என்று மூன்று இடங்கள் அதில் உண்டு. எதிலும் தகரம் இல்லை. எழுதியவர் எழுதிய வரிகள் நமக்குக் கிடைக்காது. இயந்திரத்துக்கான எண்களாக மாற்றிக் கட்டிய ஃபைல்தான் கையில் இருக்கும். அதையும் திறந்து எண்களைத் திருத்தக் கருவிகள் உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவள், இது முடியாதா என்று உட்கார்ந்தேன்.

பின்னணிப் படத்தை எடுத்துவிட்டு குடோன் கதவின் ஃபோட்டோவை வைத்தேன். ஹால் என்ற பெயரை குடோன் என்று மாற்றினேன். எதிரொலி எவ்வளவு நேரம் நீளும் என்பதற்கான குமிழின் உச்ச எண்ணைக் கண்டுபிடித்து இரட்டிப்பாக்கினேன். குமிழ் அழகாகத் திரும்பியது, புது எண்ணைக் காட்டியது. ஒலி மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. முகப்பில் தெரியும் எண் ஒரு இடத்திலும், வேலை செய்யும் எண் வேறு எங்கேயோவும் இருந்தன. இரண்டாவதை நான் கண்டுபிடிக்கவே இல்லை. இன்னும் ஓர் எண்ணை மாற்றினால் வந்துவிடும் என்ற நப்பாசையில் மாதங்கள் போயின. கடைசியாக மாற்றியதில் மென்பொருளே முடங்கிப்போனது.

ஃபோனில் சொன்னதும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "நாலு வருஷம் படிச்சி போர்டு எழுதற பெயின்டர் வேலதான் பாத்தியா?"

அதன் பிறகுதான் செங்கம் ரோட்டு பிரவுசிங் சென்டருக்குப் போக ஆரம்பித்தேன். ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் வீட்டுக்கு மெயில் எழுதும் இடம் அது. ப்ளக்இன் எழுதுவதற்கான அடிப்படை ஃபைல்கள் பெரியவை. இறங்கிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துபோகும்.

"இன்னாம்மா, மூணு நாளா ஒரே ஃபைலு? சினிமாவா?" என்றார் கடைக்காரர்.

"இல்லண்ணா, எதிரொலி."

"அதுக்கு இன்னாத்துக்கு இங்க வர? மலமேல ஏறி கத்து. சும்மாவே கெடைக்கும்."

நான் எழுதிய முதல் ப்ளக்இன் எதுவுமே செய்யாது. வந்த ஒலியை அப்படியே வெளியே விடும். ஆனால் அந்த எதுவுமில்லாததில் ஒவ்வொரு வரியும் என்னுடையது. அக்காவின் குரல் அதற்குள் நுழைந்து வெளியே வந்தபோது எனக்கு அழுகை வந்தது. இரண்டாவது, சத்தத்தைக் கம்மி செய்தது. மூன்றாவது, கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொன்னது. எதிரொலி என்பது ஒவ்வொரு சுவரும் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மங்கலாகத் திருப்பிச் சொல்வதுதான் என்று படித்தபோது, எனக்குச் சுவர்கள் தேவைப்பட்டன. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

குடோன் கூரை வரைக்கும் உர மூட்டை. கை தட்டிப் பார்த்தேன், ஒன்றும் திரும்பி வரவில்லை. வெளியே சுற்றி வந்து சுவர்களை அளந்தேன்.

"எப்ப பெரியப்பா காலியாவும்?"

"எதுக்கு காலியாவணும்? மாசம் பொறந்தா வாடக வருதில்ல?"

காலி இடத்தில் பலூன் உடைத்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தால், அந்த இடத்தின் எதிரொலியையே எடுத்துவிடலாம் என்று பிறகு படித்தேன். உர மூட்டைகள் வருவதற்கு முன்னால் ஒரே ஒரு பலூன் உடைத்திருந்தால் போதும். அது இல்லாததால் நினைவில் இருப்பதை எண்களாக எழுத வேண்டியிருந்தது. வரி எவ்வளவு நேரம் கூரையில் நின்றது? இறங்கும்போது தகரம் எவ்வளவு கலந்திருந்தது? கண்ணை மூடி, அவளை அங்கே நிற்க வைத்து, ஓர் எண்ணைப் போட்டு, கேட்டு, மாற்றி, மறுபடி கேட்டேன். வருஷம் ஒன்றுக்கு மேல் ஆனது.

கார்த்திகை தீபத்துக்கு அக்கா வந்தாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முதல் பாட்டை முழுசாகக் கேட்டாள். கேட்கும்போது உதடு அசைந்தது.

"கூரை வந்துடுச்சிடி. ஆனா சோத்தாங்கை பக்கம் மூட்ட கீது."

வலது சுவர் எவ்வளவு ஒலியைக் குடிக்கிறது என்பதற்கான எண் எந்த வரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் எழுதிய வரி. அதைக் குறைத்து, மறுபடி கட்டி, ஓட விட்டேன். அவள் காபி டம்ளரைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் முடிந்துவிட்டது.

"கம்மியாயிடுச்சி. இன்னும் கதவாண்ட கொஞ்சம் கீது. அதையும் எடுத்துடு."

எடுத்தேன். கேட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மற்ற இரண்டு பாட்டுகளுக்கும் அந்த எண்கள் பொருந்தவில்லை. அவற்றில் ஒன்றான தாலாட்டைத் தாழ்ந்த குரலில் பாடியிருந்தாள், அதில் கூரை அதிகமாக இரைந்தது. அதற்குள் அவள் லீவு முடிந்தது.

இப்போதைய நிலவரம் இது. முதல் பாட்டு முடிந்துவிட்டது. அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்ட அக்கா சம்மதம் கொடுத்தாள், காட்டிவிட்டேன். மற்ற இரண்டுக்கும் சம்மதம் இல்லை. ஃபோனில் கேட்டால் வலது எது, இடது எது என்று தெரியாது. எண்களை மாற்றி மாற்றித் தனித்தனி ஃபைல்களாக வைத்திருக்கிறேன். அடுத்த லீவு எப்போது கிடைக்கும் என்று அவளுக்கும் தெரியவில்லை.