மனுவின் பின்பக்கம்

நாட்டின் பொருளாதாரத்தை நான் ஒருமுறை காப்பாற்றியிருக்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில், மட்டக்களப்பு நகரத்து வாசிகசாலை மண்டபம் ஒன்றில், மூன்றரை மணி நேரம் செலவழித்து. பருப்பும் வற்றல் மிளகாயும் கப்பலில் வருவது நின்று, அரிசிக்கும் தட்டுப்பாடு வந்த காலம். வெளியிலிருந்து இறக்குவதா, உள்ளூரிலேயே விளைவிப்பதா என்று தேநீர்க்கடை முதல் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரி வரை ஒரே சண்டை. கச்சேரியில் எழுதுவினைஞனாக இருந்த நான் விளைவிக்கும் கட்சி. சொந்தக் கையால் ஒரு வெண்டிக்காய்கூட விளைவித்தவனில்லை என்பது வேறு கதை.

எங்கள் வீடு மண்டூர்ப் பக்கம். எங்கள் பகுதி வழக்கப்படி வீடும் வயலும் மனைவிக்குச் சீதனமாக வந்தவை. வாவியோரத்து வட்டையில், அந்த வயல்வெளியின் பள்ளமான இடத்தில், அவளுக்கு இரண்டு ஏக்கர். அந்த மாரியில் மழை விட்டபாடில்லை. வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்துக் கிடந்ததால், வெள்ளம் கடலுக்குப் போக வழியில்லாமல் வயலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் தண்ணீர் இறங்கிவிடும். வெட்டுவதற்குக் கச்சேரியில் எங்கள் மேலதிகாரியான துரையின் ஒப்பம் வேண்டும்.

இறக்குவதா விளைவிப்பதா என்று வாசிகசாலையில் விவாதம் வைத்திருந்த அன்று காலை, வட்டைக்காரர் எல்லாரும் ஒப்பமிட்ட மனுவை மனைவியின் அண்ணன் கொண்டுவந்தார்.

“மச்சான், இண்டைக்கே துரைட்டக் குடுத்திருங்க. பிந்தினாக் கதிர் மூழ்கிரும்.”

“மறந்திராதீங்க” என்றாள் மனைவி.

“எனக்கா மறதி?” என்று சட்டைப்பையில் வைத்தேன்.

மறக்கவில்லை, அதுதான் கேவலம். விவாதத்துக்குத் தலைமையே அந்தத் துரைதான். முடிந்ததும் கொடுக்கலாம் என்றிருந்தேன். எதிர்த்தரப்பில் ஏறாவூர் வியாபாரி ஒருவர் எழுந்தார். “தம்பி, பருப்பு நம்மட மண்ணில முளைக்காது. கப்பல் வரட்டும், உட்டிருங்க” என்றார். சபை கொல்லென்று சிரித்தது. எனக்குத் தலைக்கேறிவிட்டது. பதில் பதிலாக வந்து கொட்டுகிறது, எழுதத் தாள் இல்லை. பையிலிருந்ததை எடுத்துப் பின்பக்கத்தில் எழுதித் தள்ளினேன். அந்நியச் செலாவணி, தன்னிறைவு, உழவனின் வியர்வை! இடம் போதாமல் முன்பக்கத்து ஒப்பங்களுக்கு நடுவிலும் உழவனின் வியர்வையை ஓடவிட்டேன். வென்றேன். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது.

நான் நீட்டிய மனுவைத் துரை திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தான் பேசினீர் காணும். ஆனா இதில நான் எங்க ஒப்பம் வைக்கிற? வேற எழுதி, எல்லாரிட்டயும் ஒப்பம் வாங்கிற்று வாரும்.”

அதற்குள் வெள்ளம் கூடி, வாவி கடக்கும் தோணி நின்றுவிட்டது. ஊருக்குப் போய், வீடு வீடாக ஏறி, திரும்பி வந்து அவருடைய ஒப்பத்தை வாங்க மூன்று நாள். மேட்டு வயல்காரர் பாதியாவது தப்பிக்கொண்டார்கள். தண்ணீர் இறங்கியபின் நானும் மனைவியும் வட்டைக்குப் போனோம். அவள் ஒரு பயிரைப் பிடுங்கினாள். கையோடு அழுகி வந்தது.

“பேச்சில வெண்டிங்களாமே, அண்ணன் சொன்னாரு.”

“ஓம்.”

“என்னத்தப் பத்திப் பேசின?”

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. பொய் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் பார்த்தேன்.

“நாட்டுக்குச் சோறு போடுறதப் பத்தி” என்றேன்.

அவள் வரம்பில் குந்தி, முகத்தைக்கூட மூடாமல் அழுதாள்.