கடைசிக் கேள்விக்கு ஜெசிந்தா அக்கா எழுதிய பதில்

நேரங்கெட்ட நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். மகள் தூங்கினால்தான் எனக்கு இரண்டு கையும் சும்மா கிடைக்கிறது. அவளுக்கு நாலு நாளாக இருமல். எழுந்துவிட்டாள் என்றால் எழுதியது பாதியில் நிற்கும்.

செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது காப்பகத்து ஆயா பாக்கியத்தக்கா போன் செய்தார்.

"ஏளா, ஜெசிந்தா போயிட்டா."

"மதுரைக்குத்தானே? தங்கச்சிக்கு மேலுக்கு முடியலைன்னு துணைக்குப் போயிருக்காவ."

"தங்கச்சிக்கு இல்லளா. அவளுக்குத்தான். எட்டு மாசமா வைத்தியம், ராத்திரி உசுரு போயிட்டு. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெசிந்தா அக்கா தூத்துக்குடியில், உப்பளத்து வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்காக ஒரு காப்பகம் நடத்தினார். வெயில் ஏறுவதற்குள் அளத்தில் பாதி வேலை முடிந்தாக வேண்டும். அதனால் காப்பகத்தின் கதவு விடிவதற்கு முன்பே திறக்கும். அதோடு, நம் கடற்கரையில் இருக்கும் சிறிய தொண்டு நிறுவனங்கள் ஏன் தள்ளாடுகின்றன, இனிமேல் எப்படி நிற்கப் போகின்றன என்று ஊர் ஊராகப் போய் ஆய்வு செய்தார். இந்த மடலைப் படிக்கும் உங்களில் பலர் அந்த ஆய்வில் பதில் சொன்னவர்கள். கூடவே படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்த பெண் நான்தான்.

சமூகப்பணிப் படிப்பை முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தபோது அவரைப் பார்க்கப் போனேன். சான்றிதழ்களைத் தொடவே இல்லை. "ஓடுத பஸ்ஸில எழுத வருமா?" என்றார். வரும் என்றேன். "பொய் சொல்லுத. பரவாயில்ல, நாளைக்கு வா."

பதிவைப் புதுப்பிக்க அலைவது, படம் எடுத்து அனுப்பினால்தான் உதவி என்பவர்கள், இளையவர்கள் யாரும் வராதது என்று படிவத்தில் பல கேள்விகள் இருந்தன. கடைசிக் கேள்வி மட்டும் அக்காவே சேர்த்தது: 'நாளைக் காலை நீங்கள் வரவில்லை என்றால் கதவை யார் திறப்பார்?' அதன் கீழே கையெழுத்துக்கு இரண்டு இடம். ஒன்று பதில் சொல்பவருக்கு, மற்றது பெயர் எழுதப்பட்டவருக்கு. இரண்டாவது கையெழுத்து இல்லையென்றால் அந்தப் பதிலே இல்லை என்று கொள்ள வேண்டும் என்பது அவர் வைத்த விதி.

ஆலந்தலையில் பிள்ளைகளுக்கு மாலைப் பள்ளி நடத்தும் பெரியவர், "அதெல்லாம் மாதா பாத்துக்கிடுவா" என்றார். "மாதாவுக்கு நம்ம படிவத்துல கையெழுத்துப் போட நேரம் இருக்குமாய்யா?" என்று கேட்டார் அக்கா. பெரியவர் சிரித்தாரே தவிர, யார் பெயரையும் சொல்லவில்லை.

குலசேகரன்பட்டினத்தில் கேட்பாரில்லாத முதியவர்களுக்கு மதியச் சோறு போடும் கடைக்கார அண்ணாச்சி, யோசிக்காமல் மகன் பெயரை எழுதினார்.

"தம்பிகிட்ட கேட்டியளா அண்ணாச்சி?"

"கேக்கணுமாக்கும்? எம் மவம்லா!"

அக்கா விடவில்லை. போன் போடச் சொன்னார். கோயம்புத்தூரிலிருந்து மகன், "என்னப்பா இது, நான் எப்பச் சரின்னேன்?" என்றது கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. அண்ணாச்சி தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, பாவம் அண்ணாச்சி என்றேன். "அவருக்கென்ன பாவம்? அந்தப் பையன்தான் பாவம். கேக்காம பேரை எழுதுததுக்கு நம்பிக்கைன்னு சொல்லிக்கிடுவாங்க. நம்பிக்கை இல்லளா. கேட்டா முடியாதுன்னுருவாங்களோன்னு பயம்."

அந்த வார்த்தைகளை அன்றைக்கே பஸ்ஸில் எழுதி வைத்தேன். கோணல்மாணலாக இன்னும் என் நோட்டில் இருக்கின்றன.

நான் பிள்ளை உண்டாகி வேலையை விட்டபோது மக்ரூன் பொட்டலத்தோடு வந்தார். மகள் பிறந்த பிறகு, "அவளையும் தூக்கிட்டு இங்கன வா. அறிக்கையை இருந்த இடத்துல இருந்தே எழுது" என்றார். என் மகள் அந்தக் காப்பகத்துச் சுவரைப் பிடித்துத்தான் நடக்கப் பழகினாள். போகிறபோக்கில் எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வலிப்பு வரும், மழைக்காலத்தில் பூட்டு எப்படி மக்கர் பண்ணும், எந்த அம்மா கூப்பிட வரப் பிந்துவாள். பிரியத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். பிரியமும் இருந்திருக்கும். இப்போது ஒவ்வொன்றையும் திரும்ப எடுத்து, இது எதற்காகச் சொன்னது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்படிப் பார்க்க வைத்துவிட்டாரே என்றுதான் மனசு ஆறவில்லை.

ஒருநாள் கேட்டேன். "அக்கா, எல்லாரையும் கேட்டோம். நம்ம காப்பகத்துக்குப் படிவம் நிரப்பலையே?"

"நிரப்பியாச்சு. பீரோவுல இருக்கு."

"யாரு பேரு?"

"நீ மொதல்ல அறிக்கையை முடி."

அடக்கம் முடிந்த மறுநாள் நிர்வாகக் குழுவினர் பீரோவைத் திறந்தார்கள். கடைசிக் கேள்விக்கு எதிரே என் பெயர். கணவர் பெயர், கதவு எண்ணோடு, அக்காவின் அழகான கையெழுத்தில். இரண்டாவது கையெழுத்துக்கான இடம் காலி.

குழுவில் மூத்தவர் மெல்லச் சொன்னார். "எங்களுக்கு எல்லாம் தெரியும்மா, சீக்கு, படிவம் ரெண்டும். உங்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. சொன்னா நீ வாரதை நிறுத்திருவன்னு பயந்தா."

எட்டு மாதம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து எழுதியிருக்கிறோம். அண்ணாச்சியிடம் கேட்டதை என்னிடம் கேட்க அவருக்கு எத்தனை காலைகள் இருந்தன! மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகும். கேட்டிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது. என் கணவருக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை, பெரும்பாலும் இரவு ஷிப்டு. வீட்டில் வேறு ஆள் இல்லை. இருமுகிற பிள்ளையை இருட்டில் பனிக்காற்றில் தூக்கிக்கொண்டு போய் மற்ற பிள்ளைகளுக்குக் கதவு திறக்க என்னால் முடியாது.

ஆனால் கல்லறைத் தோட்ட வாசலில் அளத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். பாதி நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களில் முத்துமாரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாக்கியத்தக்காவுக்கு முட்டுவலி. இந்த மாசம் முடியுத வரைக்கும்தான் திறப்பாவளாம். அதுக்குப் பெறவு எங்கன விட? முன்ன மாதிரி உடைமரத்துல தொட்டிலைக் கட்டிப் போட்டுட்டு வேலை பாக்கவா?" அவளுடைய கைக்குழந்தை என் மகளின் பழைய சட்டையைப் போட்டிருந்தது.

ஜெசிந்தா அக்காவின் படிவம் இப்போது என் முன்னால் இருக்கிறது. அவர் வைத்த விதிப்படியே என் பெயரை அடித்துவிட்டேன். அதன் கீழே என் கையால் எழுதினேன்: 'வாரத்தில் இரண்டு நாள், என் கணவர் வீட்டில் இருக்கும் காலைகளில், நான் திறப்பேன்.' எழுதும் முன் கணவரிடம் கேட்டேன். சரி என்றார். கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிறு போக இன்னும் நான்கு காலைகள் காலியாக இருக்கின்றன. யார் பெயரையும் நானாக எழுத மாட்டேன். போய் வாருங்கள் அக்கா. நீங்கள் கேட்டிருக்கலாம்.

உங்களிடம் நான் கேட்கிறேன். எந்தக் காலை உங்களால் முடியும்? முடியாது என்றால் அதையும் எழுதுங்கள், வருத்தப்பட மாட்டேன். மாதம் முடியப் போகிறது. சீக்கிரம் பதில் போடுங்கள்.

மகேஸ்வரி