வயர் வைப்பதற்கு முந்தின நாள்

அத்தையைப் பெண் பார்க்க ஆலுவாவிலிருந்து ஆட்கள் வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள்தான் எனக்குத் தலையில் வயர் வைத்துப் பார்க்கும் டெஸ்ட். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒன்று ஜோசியர் குறித்துக் கொடுத்த நாள், மற்றது ஆஸ்பத்திரியில் கிடைத்த நாள்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எழுதிக்கொண்டே இருப்பேன், திடீரென்று கண் ஓரிடத்தில் நிலைத்துவிடும், பென்சில் கையிலிருந்து விழும். டீச்சர் முதலில் அதைத் திமிர் என்று நினைத்தார். பள்ளி முற்றத்தில் நான் விழுந்து கைகால் வெட்டி இழுத்த பிறகுதான் டாக்டரிடம் போனோம். மூளையில் ஓடும் மின் அலைகளைப் பதிவு செய்து பார்க்கவேண்டும் என்றார் அவர். தலையில் எண்ணெய் கூடாது, ஷாம்பூ போட்டுக் குளித்திருக்கவேண்டும், முந்தின இரவு குறைவாகத் தூங்கவேண்டும். எனக்கு வருவதற்கு வீட்டில் மயக்கம் என்று பேர் வைத்தார்கள். வலிப்பு என்ற சொல்லைக் கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குள் அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வயர் என்றால் ஷாக் அடிக்கும் என்பது எனக்குத் தெரிந்த விஞ்ஞானம். வரமாட்டேன் என்று கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அம்மா கெஞ்சினாள், அப்பா மிரட்டினார். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, இரண்டையும் செய்யவில்லை. ஞாயிறு மதியம், பட்டுப்புடவை கட்டிக்கொண்ட கையோடு ஸ்டிக்கர் பொட்டு அட்டையையும் தையல் நூலையும் எடுத்துவந்தாள். பொட்டுக்குப் பின்னால் நூலை வைத்து என் நெற்றியிலும் காதோரத்திலும் வரிசையாக ஒட்டினாள்.

"இவ்வளவுதான். பொட்டுக்குப் பதிலா பசை வைப்பாங்க. வலிக்குதா?"

வலிக்கவில்லை. பிறகு தன் நெற்றியிலும் ஒட்டச் சொன்னாள். டெஸ்டில் மூச்சை இழுத்து இழுத்து விடச் சொல்வார்களாம். இரண்டுபேரும் நூல் தொங்கக் கண்ணாடி முன்னால் நின்று ஊதிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது.

அத்தை தன் நூல்களைப் பிய்த்துப் போட்டுவிட்டு முகம் கழுவ ஓடினாள். அம்மா என்னை உள்ளறையில் உட்காரவைத்து, அவர்கள் போகும்வரை வெளியே தலைகாட்டக் கூடாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரிக்கும் பழம்பொரியின் வாசனை கதவிடுக்கில் வந்தது. என் வீட்டில் எல்லாரும் கூடத்தில் இருக்க, நான் மட்டும் ஏன் உள்ளே? எண்ணெய் காணாத தலைமுடி சிலுப்பிக்கொண்டு நிற்க, நெற்றி நிறைய நூலோடு, கதவைத் திறந்து நேராகப் போய்ப் பலகாரத் தட்டின் பக்கத்தில் நின்றேன்.

"குட்டிக்கு நெத்தியில என்னது?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

ஸ்கூலில் டிராமா என்று அம்மா அவசரமாகச் சொன்னாள். டிராமா இல்லை என்றேன் நான். அப்பா கையைப் பிடித்து இழுத்தார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயாத் தட்டோடு வந்த அத்தை அதைக் கீழே வைத்தாள்.

"இவ சொல்றது சரிதான். இவளுக்கு வலிப்பு வருது. நாளைக்கு டெஸ்ட். நான்தான் கூட்டிட்டுப் போறேன்."

குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று அந்த அம்மா விசாரித்தார். இருந்தால் அதையும் சொல்லியிருப்பேன் என்றாள் அத்தை. சாயா ஆடை கட்டியது. பிறகு போனில் விளிக்கிறோம் என்று எழுந்தார்கள். மாப்பிள்ளை தன் அம்மாவின் பின்னாலேயே போனார்.

வாய் திறக்காமல் இருந்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று அப்பா கத்தினார். அவர் கத்தி முடித்ததும் அத்தை சொன்னாள்.

"இவளை ரூம்ல அடைச்சு வச்சாத்தான் நடக்கும்னா, அண்ணா, அந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்."

அவர்கள் சண்டை போட்டு முடிப்பதற்குள் மிச்சமிருந்த பழம்பொரிகளை நான் தின்று தீர்த்தேன். ஜெயித்தது நான்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் யாரும் என்னை இழுக்க வேண்டியிருக்கவில்லை. நானே கட்டிலில் ஏறிப் படுத்தேன். பசை ஜில்லென்று இருந்தது. ஷாக் எதுவும் அடிக்கவில்லை. "கண்ணடச்சோ, மோளே" என்றார் டெஸ்ட் எடுத்த சேச்சி. கண்ணை மூடிக்கொண்டு, சொன்னபடி ஊதினேன், தூங்கினேன். நோய்க்குப் பேர் கிடைத்தது, மாத்திரை கிடைத்தது. சில வருடங்களில் மாத்திரையும் நின்றது.

திரும்பும் பஸ் வில்லிங்டன் தீவைக் கடந்துகொண்டிருந்தபோது அத்தையின் போன் அடித்தது. நம்பரைப் பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் அடிக்கவிட்டாள். எடுத்தபிறகும் வெகுநேரம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"எனக்கும் பிடிச்சிருக்கு. அதுக்காக இவளை ஒளிச்சு வைக்கமாட்டேன். உங்க அம்மாகிட்ட நீங்கதான் பேசணும். பேசிட்டு விளிங்க."

அப்படி ஒரு அழைப்பு அப்புறம் வரவே இல்லை. அவள் போனை வைத்ததும், யார் என்று கேட்டேன். ராங் நம்பர் என்று சொல்லிவிட்டு அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ராங் நம்பர்காரரின் அம்மாவை அத்தைக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. தோப்பும்படி ஸ்டாப் வருவதற்குள் அவள் மடியில் தூங்கிப்போனேன்.