மீன்காரருக்கும் அதே மந்திரம்

என் மனைவிக்குப் பாரிசவாதம் வந்தபோது வலது கையும் காலும் கொஞ்சம் பலவீனமானதோடு தப்பிவிட்டன. பேச்சுத்தான் அடியோடு போய்விட்டது. யாழ்ப்பாணக் கரையில் எங்கள் குருநகரில் இதை யாரும் முதலில் நம்பவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்று அவள் மீன் விலை கேட்டால் இறங்குதுறையில் நிற்கிறவர் பதில் சொல்வார். கோயிலில் அவள் வாசகம் வாசிக்கும்போது ஒருமுறை மைக் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறே பாதர் அதை அணைத்துவிட்டார். நான் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன். பகலில் எஞ்சின் சத்தம், பின்னேரம் இவள் சத்தம். இரண்டில் எஞ்சினுக்குத்தான் நிறுத்துகிற பொத்தான் இருக்கிறது என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவந்த அன்று வீடு பயங்கர அமைதியாக இருந்தது. குசினியில் கரண்டி விழுந்தபோது நான் திடுக்கிட்டுப் போனேன். கனடாவில் இருக்கிற மகள் வாட்ஸ்அப்பில் முகத்தைக் காட்டி "அம்மா, அம்மா" என்று அழுதாள். இவள் வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. போனை என் கையில் தந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆண்டவர்மீதுதான்; வேறு யார்மீது வரும்? வாய் மூட வேண்டிய ஆட்கள் வேண்டுமென்றால் எங்கள் தெருவிலேயே நான் பெயர் சொல்லியிருப்பேனே. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்க் கடைசி வாங்கில் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பாட்டுக்கு வாய் திறக்கவில்லை. நான் பாடாமல் இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு இளம்பெண் இருந்தாள். அவள்தான் ஒரு வழி சொன்னாள். மனப்பாடமாகச் சொல்லிப் பழகிய செபமும் பாட்டும் சிலருக்கு மற்றப் பேச்சுக்கு முன்னே திரும்பி வருமாம்.

"வீட்டிலை என்ன செபம் சொல்லுறனீங்கள் ஐயா?"

"செபமாலை."

"அப்ப ஒவ்வொரு நாளும் நீங்கள் தொடங்குங்கோ. அவ பிடிப்பா."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தப் பிள்ளைக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருந்தது. செபமாலையில் ஒருவர் 'அருள் நிறைந்த மரியே' என்று மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் 'அர்ச்சிஷ்ட மரியே' என்று இரண்டாம் பாதியைச் சொல்ல வேண்டும். கலியாணம் செய்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் முதல் பாதி அவளுடையது, இரண்டாம் பாதி என்னுடையது. அவளுடைய பாதி நடக்கும்போது நான் நித்திரை. அது முடிகிற இடத்தில் சரியாக விழித்து, என் பாதியைச் சொல்லிவிட்டு, மறுபடியும் நித்திரை. இந்த வித்தையில் தேறிய குடும்பத் தலைவர்கள் எங்கள் கோயில் பங்கில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆகவே நான் தொடங்கினேன். 'அருள் நிறைந்த மரியே வாழ்க' வரைக்கும் எஞ்சின் நன்றாக ஓடியது. பிறகு மூச்சு வாங்கியது. மந்திரத்தில் கர்த்தர் வர வேண்டிய இடத்தில் பெண்கள் வந்தார்கள். ஆசீர்வாதம் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. கதிரையில் சாய்ந்திருந்த அவள் கண்களைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். அடுத்த நாளும் அதே இடத்தில் அதே பிழை. அவள் இடது கையால் கதிரையில் அடிக்கத் தொடங்கினாள். உயிர்ப்பு ஞாயிறு முடிந்த கையோடு ஆண்டவர் உயிர்த்த மகிழ்ச்சி ஆறுமுன்னே, நான் மிகுந்த பக்தியாக அவருடைய பாடுகளைச் சொல்லும் துக்கத் தேவ இரகசியங்களை அறிவித்தேனே, அன்றைக்கு அவளுக்குப் பொறுக்கவில்லை. முகம் சிவந்தது. வாய் திறந்தது.

"அர்ச்சிஷ்ட மரியே, சர்வேசுரனுடைய மாதாவே!"

'பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும், ஆமென்' வரைக்கும் ஒரு எழுத்துப் பிசகவில்லை. தெருவில் போன சைக்கிள் ஒன்று பிரேக் பிடித்தது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். பேராசையும் வந்தது. "இஞ்சரும், தேத்தண்ணி குடிக்கப்போறீரோ?" என்று கேட்டேன். அவள் முகத்தைக் கோணி, முழுப் பலத்தையும் கூட்டிப் பதில் சொன்னாள்: "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக."

சொன்னது தன் காதில் விழுந்ததும் பயந்துபோய்க் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிலருக்கு இப்படியும் நடக்கும் என்றாள் ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளை. திறந்திருப்பது அந்த ஒரு பாதைதானாம். எதைச் சொல்லப் போனாலும் அதுவே வருமாம். "மற்றச் சொல்லுகளும் வரலாம் ஐயா. எப்ப எண்டு சொல்லேலாது. விடாமல் சொல்லுங்கோ."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லா அலுவலும் அந்த அரை மந்திரத்தில்தான் நடந்தது. சைக்கிளில் வருகிற மீன்காரர் ஒருநாள் பாரை மீன் கொண்டுவந்தார். இவள் வாசல் படலையடிக்குப் போய் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். அது முந்தநாள் மீன் என்று எனக்கே மணத்தது. மீனை அவர் முகத்துக்கு நேரே ஆட்டி, "பாவிகளாயிருக்கிற!" என்று ஒரு சத்தம் போட்டாள். அந்த மனுசன் தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கியது. "அக்கா, எனக்காகவும் மன்றாடுங்கோ" என்று சொல்லிச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போனார். அடுத்த நாள் வந்த மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

கதை அவரோடு நிற்கவில்லை. பேச்சிழந்தவளின் நாவில் மாதா செபம் மாத்திரம் தங்கியிருக்கிறதாம் என்று பங்கு முழுக்கப் பரவியது. பின்னேரங்களில் பெண்கள் வரத் தொடங்கினார்கள். முழங்கால்வலிக்காரர் ஒருவர் இவளுடைய கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். இவள் அவருடைய கண்ணைப் பார்த்து, "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்று பல்லைக் கடித்துச் சொன்னாள். கூட்டிய வீட்டுக்குள் செருப்போடு வந்திருக்கிறாய் என்பது அதன் பொருள். அவர் மெய்சிலிர்த்துப் போனார்.

பாதரும் வந்தார். இளம் வயதுக்காரர், எதற்கும் அசையாதவர். மனச்சாட்சி உறுத்தி அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"பாதர், உவ செபிக்கேல்லை. ஏசுறா."

"ஆரை?"

"இப்ப உங்களைத்தான். நீங்கள் கதிரையை இழுத்ததிலை சீமெந்து கீறுப்பட்டிட்டுது."

பாதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "நீங்கள் செபிக்கிறனீங்களோ?" என்று கேட்டார்.

"நான் மொழிபெயர்க்கிறன் பாதர்."

அது பகிடி இல்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று அறிய, எந்தச் சொல்லை அழுத்துகிறாள் என்று காது கொடுக்க வேண்டியிருந்தது. 'இப்பொழுதும்' என்பதை அழுத்தினால் தேநீர் உடனே வர வேண்டும். 'பாவிகளாயிருக்கிற' என்றால் விடயம் என்னைப் பற்றியது. மகள் போனில் வந்தால் மாத்திரம் 'எங்களுக்காக' என்று மெல்லிய குரலில் சொல்வாள். இத்தனை காலமும் என் வாயால் போன சொற்கள்தாம். ஒன்றையும் நான் கேட்டதில்லை. இப்போது விடிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் மாலையில் செபமாலைக்கு இருந்தால் நித்திரை வர மறுத்தது. கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அதையும் கூட்டிக்கொண்டுதான் முழந்தாளிட்டேன். ஆண்டவரிடம் நான் வாய்விட்டு ஏசினேன்; பக்கத்தில் இவள் மந்திரத்தால் ஏசினாள். ஆனால் அடுத்த நாளும் அவரிடமே போனோம்.

அவள் அழுத நாட்களும் உண்டு. கோயிலில் சங்கீதம் வாசிக்க வேறு பெண் எழுந்து போனபோது என் கையை நகம் பதியப் பிடித்தாள். அன்று மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு அவள் குசினியில் மயங்கி விழுந்தாள். பாரிசவாதம் வந்த பிறகு உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் ஒரேயடியாக நிறுத்திவிட்டிருந்தேன். உடம்பில் உப்புக் குறைந்ததுதான் காரணம் என்று பிறகு சொன்னார்கள். மத்தியானச் சாப்பாட்டின்போது அவள் சோற்றுக் கோப்பையைத் தள்ளி என்னை அழைத்த 'பாவி'யெல்லாம் அதற்காகத்தான், மொழிபெயர்ப்பாளர் கோட்டைவிட்டுவிட்டார். இப்போது அவளுக்குச் சொந்தச் சொற்கள் கொஞ்சம் வந்துவிட்டன, அவற்றில் முதலாவது 'உப்பு'. அதனால் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது. அன்றைக்கு இதொன்றும் தெரியாது. பாரிசவாதத்தின் இரண்டாவது அடிதான் என்று நினைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவரின் ஓட்டோவில் அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

வழியில் கண் திறந்தாள். என் கையைப் பிடித்தாள்.

"இப்பொழுதும்," என்றாள்.

"தண்ணியோ?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"மெல்லமாப் போகச் சொல்லட்டோ?"

அதுவும் இல்லை. மறுபடியும் சொன்னாள், சத்தமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக: "இப்பொழுதும்... எங்கள்... மரண நேரத்திலும்."

அதில் மீனும் இல்லை, தேநீரும் இல்லை, ஏச்சும் இல்லை. மந்திரத்தில் இருந்ததையே அவள் சொன்னாள். நான் பயந்துபோனேன். அவளும் பயந்திருந்தாள். அதோடு நிறுத்திவிட்டு, மிச்சத்தை நான் சொல்ல வேண்டும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டிக்கொள்ளும்," என்றேன். இன்னொருமுறை சொன்னேன். என் வாழ்நாளில் நான் உண்மையாகவே கேட்டது அப்போதுதான்.

திருநீற்றுக்காரர் கண்ணாடியில் எங்கள் இருவரையும் பார்த்தார். "ஆமென்" என்று சொல்லிவிட்டு ஓட்டோவை முறுக்கினார்.